வெற்றிலைக்கு அடியில் வாடகை

கஜா பெராங்கில் எங்கள் வீட்டின் பின்பாதியில் ஆறு வருஷம் குடியிருந்தவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. வயதானால் கோபம் தணியும் என்கிறார்கள். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, தணியக் காணோம்.

அவன் ஒரு கம்பெனியில் கணக்கெழுதுகிற கிராணி. வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, வாயைத் திறந்தால் தேன் ஒழுகும். வாடகையை ஒரு நாள் பிந்தாமல் கொடுப்பான். அப்புறம் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். கிணற்றடி இரண்டு பாதிக்கும் பொது. அவன் அதற்கு ஒரு கதவு போட்டுப் பூட்டிவிட்டான். என் மாமனார் வெட்டிய கிணற்றில் நான் தண்ணீர் இறைக்க, அவன் மனைவியிடம் சாவி கேட்டு வாளியோடு நிற்க வேண்டும். ஏன் இப்படி என்று கேட்டால், "உங்க பிள்ளைங்க விழுந்துடக் கூடாதுன்னுதான் அக்கா" என்பான். இதைக் கேட்டு என் கணவர் தலையாட்டிவிட்டு வருவார். அவர் சாது. ஜாலான் பெண்டஹாராவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிற வேலை. கடையிலும் வீட்டிலும் அதிர்ந்து பேசமாட்டார்.

பூட்டை நான் பொறுத்திருப்பேன். ஆனால் அந்த வருஷம் என் தங்கையின் கணவர் காய்ச்சலில் போய்விட்டார். ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸராக இருந்தவர். வேலைக்காரர் போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். இரண்டு பெண் குழந்தைகளோடு அவள் செமாபோக்கில் மச்சாண்டார் வீட்டுக்குப் போனாள். சமையற்கட்டில்தான் படுக்கை. நான் பார்க்கப் போன அன்று அவளுடைய ஓரகத்தி என் கண்ணெதிரிலேயே சோற்றுப் பானையை மூடினாள். குழந்தைகள் இரண்டும் காலித் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எங்கள் முன்பாதியில் இருப்பது ஒரே அறை, நாங்கள் ஆறு பேர். பின்பாதி கிடைத்தால்தான் அவளை அழைத்து வர முடியும். பஸ்ஸில் திரும்பி வரும்போதே அவனைக் கிளப்புவது என்று முடிவு செய்துவிட்டேன்.

சொல்வது சுலபம். எங்களுடையது ஜப்பான்காரன் வருவதற்கு முன் கட்டிய வீடு. அந்த மாதிரி வீட்டில் குடியிருப்பவனை நினைத்த மாத்திரத்தில் எழுப்பச் சட்டம் விடாது. வக்கீல், சொந்த உபயோகத்துக்கு வேண்டும் என்று நோட்டீஸ் அனுப்பி வழக்கும் போட்டார். ஒரு எச்சரிக்கையும் சொன்னார். இனிமேல் அவனிடம் வாடகை என்று ஒரு காசும் தொடக்கூடாது, தொட்டால் அவனை மறுபடியும் நாமே குடிவைத்ததாக ஆகிவிடும் என்றார். அதிலிருந்து மாதாமாதம் அவன் பணத்தோடு வாசலுக்கு வருவான், என் கணவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேண்டாம் என்பார். அந்த ஒரு விஷயத்தில் அவர் உறுதியாகவே நின்றார். தவறியவள் நான்.

தீபாவளியன்று காலை அவன் மனைவி தலைமுழுகிப் புதுச்சேலை கட்டித் தட்டோடு வந்தாள். முறுக்கு, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள். நல்ல நாளில் ஒரு சுமங்கலி கொண்டுவந்த தாம்பூலத்தை எந்தப் பெண் மறுப்பாள்? வழக்கு நம் ஆண்களுக்குள்ளே, நமக்கென்ன அக்கா என்று அவளே சொன்னாள். பலகாரத்தைப் பாத்திரத்தில் கொட்டிக்கொண்டேன். வெற்றிலையை அப்படியே சாமி படத்துக்கு முன் வைத்தேன். தட்டை வெறுமனே திருப்பக்கூடாது என்று சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் விளக்கேற்றும்போது வெற்றிலையை எடுத்தால் அடியில் மடித்த நோட்டுகள். சரியாக ஒரு மாத வாடகை.

நோட்டுகளோடு பின்பாதிக்கு ஓடினேன். சாமிக்கு வைத்ததைத் திருப்பி வாங்கினால் தங்கள் குடும்பத்துக்கு ஆகாது என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் உள்ளேயிருந்து சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் கேட்கிறது. கோர்ட்டில் என் கையால் வாங்கினேனா என்று கேட்டார்கள். வாங்கினேன் என்றேன். பொய் சொல்லத் தெரியாத மடச்சி. வழக்கு அதோடு விழுந்தது. என் கணவர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. செமாபோக்கிலிருந்து தங்கை எழுதிய கடிதத்தில் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

முள்ளை முள்ளால் எடுக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. பின்பாதியின் இரண்டு அறைகளில் ஒன்றில் அவன், லாரியில் சாமான் ஏற்றி இறக்கும் அட்டெண்டன் ஒருவனையும் அவன் மனைவியையும் கைக்குழந்தையோடு வைத்திருந்தான். கேட்டால் தங்கச்சி முறை என்பான். வீட்டுச் சொந்தக்காரருக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு விட்டிருந்தால் எழுப்பலாம், ஆனால் சாட்சி வேண்டும் என்றார் வக்கீல். அவரிடம் இருந்த குமாஸ்தா என் கணவருக்குத் தூரத்து உறவு. ஆடி வெள்ளிக்கிழமை பகலில் வரச் சொல்லி, எங்கள் அறைத் திரைக்குப் பின்னால் பென்சிலும் தாளுமாக உட்கார வைத்தேன்.

பிறகு அட்டெண்டன் மனைவியான அந்தப் பெண்ணைத் தாம்பூலத்துக்கு அழைத்தேன். இருபது வயது இருக்கும். தாய் இல்லாதவள். அந்த வீட்டில் அவளை இதுவரை யாரும் எதற்கும் அழைத்ததில்லை. கூச்சத்தோடு பாயில் உட்கார்ந்தாள். சந்தனம் பூசினேன், குங்குமம் வைத்தேன், தலையில் பூ வைத்தேன், ரவிக்கைத் துண்டு கொடுத்தேன். பாயசமும் கொடுத்தேன். அவள் குடித்து முடித்ததும், அண்ணன் வீட்டில் சும்மாதானே இருக்கிறாய் என்று கேட்டேன்.

"அண்ணனா? அவரு யாரோ நாங்க யாரோ அக்கா. மாசா மாசம் சேவா வாங்காம விடமாட்டாரு. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட மாசங்கூட நின்னு வாங்கிட்டுத்தான் போனாரு."

சேவா என்றால் வாடகை. திரைக்குப் பின்னால் பென்சில் ஓடியது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சமும் உறுத்தவில்லை.

அடுத்த வழக்கு நடக்கும்போதே மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. ஊரெல்லாம் கொடி. நூறு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரனே மூட்டை கட்டிவிட்டான், இவன் கட்டமாட்டேன் என்கிறானே என்று என் கணவர்கூடச் சொல்லிச் சிரித்தார். அவனும் கட்டினான். கோர்ட்டில் குமாஸ்தா எழுதியதைப் படித்ததும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். ஆமாம், சொன்னேன் என்றாள். உள்வாடகைக்கு இருந்தவர்களும் சேர்ந்து காலி செய்ய வேண்டும் என்று தீர்ப்பு.

அவன் போன நாளுக்காகவே நான் வடை சுட்டேன். ஆனால் அவன் அழுதுகொண்டா போனான்? தெங்கேராவில் கடல் பார்த்த வீடு ஒன்றை ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தான். லாரியில் சாமான் ஏறியது. முன்னால் ஏறி உட்கார்ந்து, வர்றேன் அக்கா என்று கையை ஆட்டினான். சுட்ட வடை எனக்கு இறங்கவில்லை. கிணற்றடிக் கதவைக் கோடாலியால் கொத்திப் பெயர்த்தேன், மனசு கொஞ்சம் ஆறியது.

திரும்பி வந்தால் வாசலில் அந்தப் பெண், தகரப்பெட்டி மேல் குழந்தையோடு. புருஷன் இடம் தேடிப் போயிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். கோர்ட்டில் எல்லாம் தெரிந்துகொண்டவள், இருந்தும் கேட்டாள்.

"அக்கா, உங்க தங்கச்சிக்கு ஒரு ரூம் போதுந்தானே? மத்ததை எங்களுக்கு விடுங்களேன். அவருக்குக் குடுத்ததையே உங்களுக்குக் குடுத்துடுறோம்."

"இல்லம்மா, ரெண்டும் வேணும்," என்றேன்.

"சரிக்கா," என்று மறுபடி பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டாள். இருட்டுவதற்குள் புருஷன் வந்து அழைத்துப் போனான். எங்கே என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் தங்கை வந்தாள். அவளுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு அறை தாராளமாகப் போதுமாக இருந்தது. இன்னொன்றில் வருஷக்கணக்கில் விறகும் உடைந்த நாற்காலியும்தான் கிடந்தன. தினமும் கிணற்றடியில் அந்தப் பெண்ணின் முகத்தில் விழிக்க எனக்குத் துணிவில்லை, அவ்வளவுதான். அந்தப் பாவத்தையும் அவன் தலையிலேயே போட்டு, இன்றைக்கும் அவனைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன்.