கரண்டு போனபோது சொன்னது

பிளஸ் டூ கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு வெளியே வருகிற பெண்ணை ஊரில் யாரும் சும்மா விடுவதில்லை. "அடுத்து என்ன கண்ணு?" என்று கேட்பார்கள். பதில் தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்பது இல்லை. கேட்டால்தானே தங்கள் வீட்டுப் பிள்ளை எங்கே படிக்கிறது என்று சொல்ல முடியும்? ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தெருவில் அந்தக் கோடையில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காமல் பெருந்தன்மையாக விட்டது எதிர்வீட்டு நாய் மட்டும்தான்.

சென்னையில் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படிக்க விரும்பினேன். அந்தப் பேரைச் சொன்னால் கேட்டவர்கள் எனக்கு ஏதோ வியாதி வந்துவிட்டது போலப் பார்த்தார்கள். அதனால் "சினிமா" என்று சுருக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டில் கை முறுக்கு சுற்றி விற்கும் அத்தை, சுவரை ஒட்டி இருப்பதால் அத்தை என்கிறேனே தவிர உறவு ஒன்றும் கிடையாது, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நடிக்கவா?" என்றார்.

"இல்லீங்கத்தை. படம் எடுக்க."

"அதான பாத்தேன்" என்று நிம்மதியாக மாவைப் பிசைந்தார். பிறகு, யாரையும் குறிப்பிடாமல், கூரை ஏறிக் கோழி பிடிக்க முடியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதையைச் சொன்னார்.

எனக்குக் கவலை இல்லை. என் அப்பா சரி என்று சொல்லியிருந்தார். "கெடைச்சா போ சாமி" என்றார், அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்கவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. என் வகுப்புப் பெண்கள் எல்லாம் வீட்டில் சண்டை போட்டு, சாப்பிடாமல் கிடந்து, மாமாவைத் தூது விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், எனக்கு வாய்த்த முற்போக்கான தகப்பனைப் பற்றி நான் பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

மதிப்பெண் மட்டும் போதாது, சொந்தமாக எடுத்த மூன்று நிமிடப் படம் ஒன்றையும் மே மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும் என்று அந்தக் கல்லூரி கேட்டிருந்தது. படத்தில் இரண்டு பேர் பேச வேண்டும். பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும். சென்னைக்காரர்களுக்கு இது சுலபமான நிபந்தனையாக இருந்திருக்கும். நான் இருந்தது தறிப்பட்டறையில்.

எங்கள் வீட்டில் முன்பாதி விசைத்தறிகளுக்கு, பின்பாதி எங்களுக்கு. தெரு முழுக்க அப்படித்தான். விடிந்ததிலிருந்து தடதடவென்று அடிக்கும் சத்தத்தில் எங்கள் ஊரில் யாரும் பேசுவது கிடையாது, கத்துவார்கள். "குழம்புல உப்புப் போட்டயா?" என்பதைக் கொலைக் குற்றம் சாட்டுவது போலக் கேட்பார்கள். கொஞ்சலும் கத்தல்தான். ரகசியமும் கத்தல்தான், ஏனென்றால் தறி ஓடும்போது பத்தடி தள்ளி நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. அதனாலேயே தறி ஓடும்போது சொன்ன வார்த்தைக்கு எங்கள் பக்கம் மதிப்பில்லை. "நான் அப்படிச் சொல்லவே இல்ல, உனக்கு அப்படிக் கேட்டிருக்கும்" என்று யார் வேண்டுமானாலும் பின்வாங்கலாம். கரண்டு போனபோது சொன்னது வேறு. அது தெருவே கேட்ட வார்த்தை, அதை மாற்ற முடியாது. விவரமான பெண்வீட்டார் மாதாந்திர மின்தடை நாளாகப் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரையை, அதாவது உறவுக்காரர்களை, வரச்சொல்வார்கள். "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாங்க, புள்ளைய மட்டும் அனுப்புங்க" என்று அவர்கள் வாய் தவறிச் சொல்லிவிட்டால் அதற்கு இரண்டு பக்கச் சுவரும் சாட்சி.

இந்த ஊரில் தெளிவான ஒலிப்பதிவு நடக்காது என்று முடிவு செய்து, முதல் படத்தைக் காவிரிக் கரையில் இருக்கும் ஜேடர்பாளையத்தில் எடுக்கப் போனேன். கதை: ஆற்றங்கரையில் இரண்டு தோழிகள் பிரிகிறார்கள். ஒரு தோழி நான். இன்னொருத்தி என் வகுப்புக்காரி. அழச் சொன்னால் உடனே அழக்கூடியவள் என்ற தகுதிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவள். பஸ் மாறி மாறி, வியர்த்து விறுவிறுத்து, அணைப் பக்கம் போய்ச் சேர்ந்தால் அங்கே அமைதிக்கு இடமே இல்லை. கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க ஒரு கூட்டமே வந்திருந்தது. தலைக்கு மேல் ட்ரோன் ஒன்று ஈயைப் போல விடாமல் இரைந்துகொண்டிருந்தது. முழங்கால் தண்ணீரில் கோட்டுப் போட்ட ஒரு மாப்பிள்ளை, பெண்ணைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்துச் சிரிக்க முயன்றுகொண்டிருந்தார். கொஞ்சம் கிட்டே போனதும் ஆளைத் தெரிந்துவிட்டது. எங்கள் கணக்கு டியூஷன் சார்.

ஓடிவிடலாம் என்று நான் திரும்புவதற்குள் என் தோழி, வளர்ப்பு அப்படி, "சார், வணக்கங்க சார்!" என்று கத்திவிட்டாள். சார் திடுக்கிட்டுத் திரும்பினார். கையில் இருந்த பெண்ணின் கால் தண்ணீரைத் தொட்டது. கீழே விடவும் முடியாமல், தூக்கி வைத்திருக்கவும் முடியாமல், அந்த நிலையிலும் கடமை தவறாமல் அவர் கேட்டார்:

"கடைசி அஞ்சு மார்க் கணக்குப் போட்டீங்களா?"

"போட்டமுங்க சார்."

"ஆன்சர் என்ன வந்துச்சு?"

இரண்டு பேரும் இரண்டு விடை சொன்னோம். சார் முகம் வாடியது. போட்டோக்காரர், "சார், ரொமான்ஸா பாருங்க சார்" என்று கெஞ்சினார். அந்தப் பெண் எங்களைப் பார்த்த பார்வையில் இரண்டு பேருக்குமே பூஜ்யம் விழுந்தது. நாங்கள் மீன் வறுவல் வாங்கித் தின்றுவிட்டு ஊர் வந்து சேர்ந்தோம். படம் எடுத்தது அவ்வளவுதான்.

அடுத்ததாக மாதாந்திர மின்தடை நாளுக்காகக் காத்திருந்தேன். புதுக் கதை: அப்பா தூங்கிக்கொண்டிருக்கிறார், மகள் தேர்வில் தோற்றுவிட்டதை அம்மாவிடம் கிசுகிசுக்கிறாள். மகளாக என் தோழி. அம்மாவாக என் அம்மா, சம்பளம் கேட்க மாட்டார் என்பதால். அன்றைக்குத் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. காக்கை கத்துவது கூடக் கேட்டது. நான் செல்போனைச் சரிசெய்து, அம்மாவின் சேலையில் மைக்கைக் குத்தி, "ஆக்‌ஷன்" என்றேன்.

என் தோழி அழகாகக் கிசுகிசுத்தாள். கண்ணில் தண்ணீர் கூட நின்றது. அம்மா அவள் தோளில் கை வைத்து, முகத்தில் அவ்வளவு கனிவோடு, அடித்தொண்டையிலிருந்து முழங்கினார்:

"மெதுவாப் பேசு கண்ணு! அப்பா தூங்கறாரு!"

என் தோழி துள்ளி விழுந்தாள். நான் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கி எறிந்தேன்.

"அம்மா, கிசுகிசுன்னு பேசோணும்."

"அப்படித்தான பேசுனேன்!" என்று அதே குரலில் சொன்னார். உண்மையாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார், பாவம். தறியடியில் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அதற்குக் குறைந்த ஒரு குரலை அவர் வைத்துக்கொள்ளத் தேவையே இருந்ததில்லை. இன்னும் சில தடவை எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் அப்பா தூங்குகிறார் என்ற செய்தி தெருக்கோடி வரை போய்ச் சேர்ந்தது. கடைசியில் முறுக்கு அத்தை மாவுக் கையோடு ஓடிவந்து, "ஏனுங்கக்கா, அண்ணனுக்கு என்னாச்சு? எந்திரிக்க மாட்டேங்கறாரா?" என்று பதறினார். நிஜ அப்பா அப்போது வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மே மாதம் முடியப் போகிறது. கையில் ஒன்றும் இல்லை. எனக்கு எரிச்சலும் பயமும் ஒன்றாக வந்தன. சரி, பேச்சைத் தனியாகக் குளியலறையில் பதிவு செய்து ஒட்டிக்கொள்ளலாம், இப்போதைக்குப் பின்னணிக்குத் தறிச் சத்தமாவது எடுப்போம் என்று ஒரு நாள் சாயங்காலம் பட்டறை ஜன்னலில் செல்போனை ஓடவிட்டு வெளியே நின்றேன். உள்ளே அப்பா அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருந்தார். அம்மா டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஏதோ கேட்டார். அப்பா ஏதோ பதில் சொன்னார். இரண்டு வாயும் அசைவது மட்டும் தெரிந்தது. பழக்கப்பட்ட காட்சிதான், நான் கவனிக்கவில்லை.

கரண்டு போனது. சொல்லாமல் கொள்ளாமல், தெரு மொத்தமும். தறிகள் அப்படியப்படியே நின்றன. பேசிக்கொண்டிருக்கிறவர்களுக்கு அது உறைக்க ஒரு நொடி ஆகும். அந்த நொடியில் அப்பாவின் முழுக்குரல் தெருவில் இறங்கியது.

"கெடைக்காதுன்னு தெரிஞ்சுதான் புள்ள, சரின்னு சொல்லி வெச்சேன்! மெட்ராஸ்ல ஆயிரம் பேரு வருவான், இவளுக்கு எங்க குடுக்கப் போறான்! கெடைச்சா அனுப்பறேன், நான் என்ன மாட்டேங்கறனா!"

அப்பா மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் நிற்பதைப் பார்த்தார். அம்மா டீ டம்ளரைப் பார்த்தார்.

முற்போக்காம்! என் அப்பா சண்டை போடாதது எனக்காக இல்லை. தோற்கப் போகிறவளோடு எதற்குச் சண்டை என்று விட்டிருக்கிறார். சாப்பிடாமல் கிடந்த பெண்களின் அப்பாக்களாவது தங்கள் பெண்களுக்குக் கிடைத்துவிடும் என்று பயந்தார்கள். என்னைப் பற்றி அந்தப் பயம் கூட இவருக்கு இல்லையே என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து முறுக்கு அத்தையின் குரல் கேட்டது. "ஏனுங்கண்ணா, கெடைச்சா அனுப்பறேன்னா சொன்னீங்க?"

அப்பாவுக்குத் தப்ப வழியில்லை. "ஆமாம்மா" என்றார்.

"அம்முணி, கேட்டுக்கிட்டயா? கரண்டு இல்லாதப்பச் சொல்லியிருக்காரு!"

"நாங்களும் கேட்டமுங்க" என்றது எதிர்வீடு. எனக்காக இப்படிச் சாட்சி பிடித்தது வைகுண்டக் கதை சொன்ன அதே அத்தைதான். நான் செல்போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன். அன்றைக்கு அப்பாவோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

மூன்றாம் நாள் என் தோழி வந்து அந்தப் பதிவைக் கேட்டாள். வழக்கப்படி அழுதாள். பிறகு, "ஏண்டி, இந்தக் கோடை முழுக்க நீ எடுத்ததுல தெளிவாக் கேக்கறது இது ஒண்ணுதாண்டி" என்றாள். திரும்பக் கேட்டேன். அவள் சொன்னது சரிதான். தறிச் சத்தம், சட்டென்று மௌனம், அப்பா, அத்தை, எதிர்வீடு. ஒரு வார்த்தை சிதறவில்லை. இரண்டு பேர் பேச வேண்டும் என்றார்கள், தெருவே பேசியிருந்தது. ஓடும் தறியையும், நின்ற தறியையும், எங்கள் தெருவின் மூடிய ஜன்னல்களையும் எடுத்து அந்தப் பேச்சின் மேல் வைத்தேன். அப்பாவிடம் போய் நின்று, "உங்க பேச்சப் படத்துல போட்டுக்கறேன், சரிங்களா?" என்றேன். அத்தனை நாளில் அவரிடம் நான் பேசியது அதுதான்.

அப்பா கையிலிருந்த இழையைப் பிணைத்து முடித்தார். "போட்டுக்க சாமி. எப்படியும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அந்த "எப்படியும்" என்னவென்று எனக்குத் தெரியும். கோபத்தோடு அனுப்பிவிட்டேன்.

ஜூனில் ஒரு மத்தியானம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கல்லூரியின் பதில் செல்போனில் வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறேன் என்றது முதல் வரி. நான் அதை ஜெயித்தவளின் கொழுப்போடு அப்பாவின் இலைக்கு முன்னால் நீட்டினேன். இந்தக் கணத்துக்காக எத்தனையோ நக்கலான வசனங்களை மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன்.

அப்பா எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "எப்பச் சாமி போய்ச் சேரோணும்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை.

"ஆஸ்டல் அவியளே குடுப்பாங்களா?"

தெரியவில்லை.

"காலேசு எந்தப் பக்கம்? எழும்பூர்ல எறங்கோணுமா, சென்ட்ரல்லயா?"

அதுவும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. திருச்செங்கோட்டில் ஒரு கல்லூரியில் பி.காம். சேர எதெது வேண்டும், அதன் பஸ் எங்கள் முக்கில் காலையில் எத்தனை மணிக்கு நிற்கும், சாயங்காலம் எப்போது கொண்டுவந்து விடும் என்று ஒன்று விடாமல் விசாரித்து வைத்திருந்தேன். சென்னையைப் பற்றி ஒரு வரி கூடப் பார்த்திருக்கவில்லை.

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேலி செய்கிற குரலில் கேட்டிருந்தால் நான் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அவர் அப்படிக் கேட்கவில்லை.

"ஏஞ்சாமி, நீயும் கெடைக்காதுன்னுதான் இருந்தயா?"

"ஆமாங்கப்பா" என்றேன்.