கொசுறாக நாலு ஜிபி

கம்ப்யூட்டர் பற்றிக் கொஞ்சம் தெரியும் என்று சொந்தக்காரர்கள் முன்னால் மட்டும் காட்டிக்கொள்ளாதீர்கள். நான் காட்டிக்கொண்டேன். போன சனிக்கிழமை முழுசாகப் போச்சு.

என் தங்கை ரெஜினா, தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். ஏற்றுமதியாகும் கன்டெய்னர்களின் பேப்பர்களை நேரத்தோடு ஆன்லைனில் ஏற்ற வேண்டும். தாமதமானால் பெட்டி கரையில் நிற்கும், கப்பல் போய்விடும். சென்ற வாரம் அப்படித்தான் ஆகப் பார்த்தது. கடைசி நேரத்தில் பழைய லேப்டாப் அசையாமல் நின்றுவிட்டது. திரையில் வட்டம் மட்டும் சுற்றுகிறது... ஆபீசிலிருந்து போன் மேல் போன்.

"இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா வேலைய வேற ஆளுக்குக் குடுத்திருவோம்மா" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ரெஜினா அழுதுவிட்டாள்.

ஆக, புது லேப்டாப். அதற்கு எவ்வளவு மெமரி வேண்டும்?

கேட்டதுதான் தாமதம், தெருவே ஆலோசனை சொல்ல வந்துவிட்டது. எதிர்வீட்டு கிரேன் ஆபரேட்டர், எட்டு ஜிபி தாராளம் என்றார். சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர், முப்பத்திரண்டுக்குக் குறைத்து வாங்குவதே பாவம் என்றார். ரெஜினாவுக்கோ வேறு சந்தேகம்.

"பழசுலயே ஐநூறு ஜிபி இருக்குண்ணே. பாதிகூட நெறையல. பொறவு ஏன் நிக்குது?"

நியாயமான கேள்வி. அந்த ஐநூறு என்பது பரண், சாமான் போட்டு வைக்க என்று விளக்கினேன். இப்போது நாம் பேசுகிற மெமரி அடுப்பு மேடை. சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் ஒரே நேரத்தில் அங்கேதான் நடந்தாக வேண்டும்.

"அப்ப சின்ன மேடையில கல்யாண விருந்து வைக்கேன்னு சொல்லுதியாண்ணே?"

அதேதான்.

கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி ரொம்ப வருஷம் மளிகைக் கடை வைத்திருந்தவர். இப்போது லேப்டாப் விற்கிறார். தராசு போய்விட்டது, வாடிக்கையாளர்கள் மட்டும் பழைய ஆட்களேதான். ஒரே மாடலில் எட்டு ஜிபி ஒன்று, பதினாறு ஜிபி ஒன்று எடுத்து மேசையில் வைத்தார். ரெஜினா இரண்டின் விலையையும் பார்த்தாள். பிறகு, கறிவேப்பிலை கேட்கிற அதே குரலில் ஆரம்பித்தாள்.

"அண்ணாச்சி, நான் எட்டே எடுத்துக்கிடுதேன். கொசுறா ஒரு நாலு ஜிபி போட்டுக் குடுங்க."

நான் சுவரிலிருந்த விளம்பரத்தை ரொம்பக் கவனமாகப் படிக்கத் தொடங்கினேன்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. இதற்கு முன்பும் யாராவது கேட்டிருப்பார்கள் போல. "போட்டுருவேன் தங்கச்சி. ஆனா இதுல மெமரி போர்டோட ஒட்டியே வருது. நானும் கூட்ட முடியாது, பொறவு நீங்களும் கூட்ட முடியாது. இன்னைக்கு எடுக்கதுதான் கடைசி வரைக்கும்" என்றார். வேண்டுமானால் ஒரு மவுஸ் பேடு தருகிறேன் என்றார்.

கடைசி வரைக்கும் என்றதும் ரெஜினாவின் முகம் சுருங்கிவிட்டது. கூடக் கொடுத்து வீணாகவும் கூடாது, குறைத்து வாங்கி வேலை போகவும் கூடாது. நாமெல்லாம் இப்படித்தானே? பின்னால் கூட்டிக்கொள்ளலாம் என்றால் நிம்மதியாகக் குறைத்து வாங்குவோம். கூட்டவே முடியாது என்றால்தான் விலைச்சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்போம்.

"சரி, ஒரே நேரத்துல என்னெல்லாம் தொறந்து வப்பீங்க?" என்று கேட்டார் அண்ணாச்சி.

ரெஜினா பழைய லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்துத் திறந்து காட்டினாள். துறைமுகத்து சைட், கஸ்டம்ஸ் சைட், மெயில், நாலைந்து எக்செல்... கடைசியில் ஒரு கடல் வரைபடம். நீலத்துக்கு நடுவே ஒரு சின்ன அம்புக்குறி.

"இது என்னது தங்கச்சி?"

"அவுக கப்பலு" என்றாள்.

அவள் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். ஏறினால் இறங்க மாதக்கணக்காகும். எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று காட்டுவதற்கே ஓர் இணையதளம் இருக்கிறது. நடுக்கடலில் சிக்னல் போய்விட்டால், அம்புக்குறி கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நிற்கும்.

"ஏளா, இதுதான் மெமரிய தின்னுது. மூடிரு. வேணுங்கும்போது தொறந்து பாத்துக்கிடலாம். எட்டே போதும்" என்றேன், நிபுணர் தோரணையில்.

"தெரியும்ணே. அன்னைக்கு நின்னப்ப மத்த எல்லாத்தையும் மூடித்தான் பேப்பர ஏத்துனேன். இத மட்டும் மூடல."

"வேலை போயிருந்தா?"

"போயிருக்கும். இத மூடமாட்டேன்."

அவ்வளவுதான். அண்ணாச்சி எட்டு ஜிபியை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார்.

இனிமேல் மெமரி எவ்வளவு வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும், பதிலுக்கு நான் ஒரே கேள்விதான் கேட்கப் போகிறேன் — எதை மூட உங்களுக்கு மனசு வராது?

வீட்டுக்கு வந்து, புது லேப்டாப்பில் முதலில் வரைபடத்தைத் திறந்தாள். பிறகுதான் ஆபீஸ் மெயில். சாயங்காலம் கப்பலிலிருந்து மாப்பிள்ளையின் வாட்ஸப் வந்தது: "பதினாறு எதுக்குளா? எட்டே போதுமே. காச கரியாக்கிட்டியே."

ரெஜினா போனை என்னிடம் நீட்டினாள். "இவுகளுக்கு என்னண்ணே பதில் போட?"

மாப்பிள்ளை, சிக்னல் கிடைக்கும்போது இந்தப் பத்தியைப் படியுங்கள். எட்டு ஆபீசுக்கு. மிச்ச எட்டு உங்களுக்கு.