படித்தவள் என்ற பெயர்

ஸ்ரீராம்புரத்தில் மழைநீர்க் கால்வாய் ஓரம் என் வீடு. தினமும் வாசலில் பேப்பர் விரித்து உட்காருவதால், நான் படித்தவள் என்று தெருவே நம்பியிருந்தது. உண்மையில் எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும்.

ஒரு மழை நாள் மத்தியானம் போன் என்றுமில்லாதபடி அலறியது. திரையில் இந்த ஊர்க் கன்னடமும் இங்கிலீஷும். பக்கத்து வீட்டு மஞ்சுளாவிடம் கேட்கக் கௌரவம் பார்த்து, அணைத்துவிட்டுத் தூங்கினேன். அவள் கதவை இடித்த சத்தத்தில் விழித்தால், கட்டிலைத் தொட்டுக்கொண்டு கால்வாய்த் தண்ணீர். தடுமாறித் தாழ்ப்பாளைத் திறந்தேன். மாடிக்கு இழுத்துப் போனாள்.

"வெள்ளம் வருதுன்னு போன்ல வந்துச்சே, படிக்கலியா ஆன்ட்டி?"

"படிக்கத் தெரியாதுடி."

"கேட்டிருந்தா கிரீடம் எறங்கிடுமா?"

எழுதி அனுப்புகிறவர்கள் வாயால் சொல்லக் கூடாதா என்று எரிச்சலாக வருகிறது. என் வீம்பின் மேல் அதைவிட எரிச்சல். இப்போது போனில் எது வந்தாலும் நேரே அவளிடம் காட்டுகிறேன். நேற்று வந்தது ரீசார்ஜ் விளம்பரமாம். சிரித்தாள். சிரிக்கட்டும்.