பத்து விநாடி விரல்

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் பிழைப்பவனுக்கு, நாயைவிடப் பெரிய பயம், உண்மையான பதில் கிடைத்துவிடுமோ என்பதுதான். அட்டையும் பேனாவுமாக நீங்களும் படியேறியவர் என்றால் உங்களுக்கு இது தெரிந்திருக்கும்.

எண்பதுகளின் நடுவில் எனக்குத் தருமபுரி மாவட்டத்தில் அந்த வேலை. நரம்பு நோயும் மனநோயும் உள்ளவர்களை, டாக்டர் நேரில் வராமலே கண்டுபிடிக்க முடியுமா என்று பெங்களூர் மருத்துவமனை ஒன்று சோதித்துக்கொண்டிருந்தது. கேள்வித்தாளில் 'ஆமாம்' என்றால் ஒன்று, 'இல்லை' என்றால் பூஜ்யம். கூடவே சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. அதன் பொத்தானை ஆட்காட்டி விரலால் பத்து விநாடி தட்டினால், எத்தனை தட்டு என்று சிவப்பு எண்ணில் காட்டும். தாள்கள் வாரம் ஒருமுறை பஸ்ஸில் பெங்களூர் போகும். அங்கே கம்ப்யூட்டர், யாரை ஆஸ்பத்திரிக்கு அழைக்க வேண்டும் என்று சொல்லும்.

ஒரு விதி உண்டு. பெட்டி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தினமும் காலையில் நானே தட்டி, வந்த எண்ணை எழுத வேண்டும். எனக்கு ஐம்பத்தெட்டை ஒட்டி வரும்.

சித்தேரியில்

முனியம்மா எல்லாக் கேள்விக்கும் "இல்லிங்க" என்றாள். வீட்டில் யாருக்காவது வலிப்பு வருமா என்று கேட்டேன். அதற்கும் "இல்லிங்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், சாமை புடைத்துக்கொண்டிருந்த அவள் கணவன் முறத்தோடு சாய்ந்தான். கைகால் வெட்டி இழுத்தது. அவள் பதறவில்லை. ஓடிப்போய் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலைக்குக் கீழே கையைக் கொடுத்தாள். எத்தனையோ முறை செய்து பழகிய கை.

அவன் கண் திறந்ததும் நான் பேனாவை எடுத்தேன். அவள் பேனா முனையையே பார்த்தாள்.

"சார், இதுக்கும் இல்லைன்னே போட்டுக்கங்க. தையில புள்ளைக்குக் கல்யாணம் வச்சிருக்கறோம்."

தையல்காரர் வீட்டில்

தருமபுரியில் பஷீர் பாய் தையல்காரர். பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து விநாடியில் தொண்ணூறு வந்தது. இரண்டு கையாலும் தட்டியிருக்கிறார்.

"ஒரு விரல்தான் பாய். மறுபடி தட்டுங்க."

"பொத்தானுக்குக் காஜா எடுத்து எடுத்துத் தேஞ்ச கை சார் இது. நம்பரு கம்மின்னு வெளியில தெரிஞ்சா எவன் துணி குடுப்பான்?"

யாருக்கும் தெரியாது என்று சொல்லித் தட்டவைத்தேன். நாற்பத்திரண்டு வந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, பொத்தான் கொஞ்சம் கடினம்தான் என்று ஆறுதல் சொல்ல, நானும் தட்டிக் காட்டினேன். வேகமாகத்தான் தட்டினேன். நாற்பத்தொன்று.

ஒரு மாதமாகவே காலை அவசரத்தில் தட்டாமல், பழைய எண்ணையே எழுதிவிட்டு வந்துகொண்டிருந்தேன். பாய் பெட்டியையும் என் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னா சார், நீங்களும் காஜா எடுக்கறீங்களா?"

பாலக்கோட்டில்

பெட்டியில்தான் கோளாறு என்று முடிவு செய்து பேட்டரியை மாற்றினேன். மறுநாள் தக்காளி மண்டி எதிரில் டீ குடிக்கும்போது, என்னோடு வேலை பார்த்த சின்னசாமியைத் தட்டச் சொன்னேன். ஒரு கையில் டீ கிளாஸோடு, சிரித்துக்கொண்டே தட்டினான். அறுபத்தொன்று.

"பெட்டி நல்லாத்தான்ணே இருக்குது."

லலிதா மேடம்

அதன்பிறகு காலையில் நான் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஐம்பத்தெட்டு என்று எழுதிவிட்டுக் கிளம்பினேன். சட்டைப் பொத்தான் போட நேரமாவதையும், என் கையெழுத்து எறும்பு வரிசைபோல் சிறுத்துக்கொண்டே போவதையும் கவனிக்காதவன்போல் இருந்தேன். இந்தக் கை போனால் வேலை போகும். வேலைக்குப் பின்னால் நான்கு வயிறு இருந்தது. அதைவிட, நான் நிரப்புகிற கேள்வித்தாளில் என் பெயரே ஏறிவிடுமோ என்றிருந்தது.

பெங்களூரில் எங்கள் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற லலிதா மேடம் ஒருநாள் தருமபுரி வந்தார். நீளமாக அச்சான ஒரு தாளை என் முன்னால் விரித்தார். குரலை உயர்த்தவில்லை.

"எல்லார் கையும் தினம் ஏறி இறங்குது சார். உங்களுது மட்டும் ரெண்டு மாசமா ஐம்பத்தெட்டுலயே நிக்குது. மனுசக் கை அப்படி நிக்காது."

பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். தட்டினேன். முப்பத்தொன்பது.

அவர் புதுத் தாள் ஒன்றை எடுத்து, என் பெயரை எழுதி, நான் ஊர் ஊராகக் கேட்ட முதல் கேள்வியை என்னிடம் கேட்டார். சமீபத்தில் கைவேலை மெதுவாகிவிட்டதாகத் தோன்றுகிறதா?

"இல்லிங்க" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"சார், முனியம்மா வூட்டுல இல்லைன்னு சொல்லியும், நேர்ல பார்த்தேன்னு ஓரத்துல எழுதி நீங்க ஒன்னுன்னுதானே போட்டீங்க?"

அந்த வாரமே பரிசோதனைக்குப் பெங்களூர் ரயில் ஏறினேன். எல்லாருடைய பயத்துக்கும் கட்டம் போட்டிருந்த அந்தக் கேள்வித்தாளில், கேள்வி கேட்கிறவனே பயந்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை.