நாலு பக்கமும் எலுமிச்சை

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவில் பேங்க் கிளையில் டெபாசிட் பிரிவில் சேர்ந்தேன். முதல் நாளே மேனேஜர் சொல்லிவிட்டார்: "கவுண்டர்ல உக்காந்திருந்தா டெபாசிட் வராது வே. கடைவீதிக்குப் போம்." வெயிலில் அலைந்து நான் முதலில் ஏறிய இடம் சுப்பையா அண்ணாச்சியின் எலுமிச்சைக் கமிஷன் கடை. குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். டெபாசிட் மட்டும் கொடுக்கவில்லை.

"தம்பி, நான் விவரமில்லாதவன் இல்ல. பணத்தை நாலு பக்கமும் பிரிச்சுல்லா போட்டிருக்கேன். புளியங்குடிப் பக்கம் தோட்டம், இங்கன இந்தக் கடை, தோட்டக்காரங்களுக்குக் கொடுத்த அட்வான்ஸ், பழம் ஏத்துத லாரியில பங்கு. ஒண்ணு போனாலும் மூணு நிக்கும். பேங்குல போட்டா மொடங்கிக் கெடக்கும்."

சாப்பாடு கொண்டுவந்திருந்த அவர் மனைவி கோமதி அக்கா, "கொஞ்சம் மொடங்கித்தான் கெடக்கட்டுமே. கைக்கு எட்டுத மாதிரி இருக்கும்லா" என்றார்.

"கைக்கு எட்ட ஒன் நகை இருக்குல்லா" என்று அண்ணாச்சி சிரித்தார். அக்காவும் சிரித்துவிட்டார். எனக்கும் அவர் கணக்கு நியாயமாகத்தான் பட்டது. அதன்பிறகு டெபாசிட் கேட்காமலேயே அந்தக் கடைக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். நல்ல மனுஷர்கள்.

சில வருஷம் கழித்து மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் அப்படியே. தோட்டத்துக் கிணற்றில் போர் இறக்க அக்காவின் நகை முழுவதும் எங்கள் பேங்கிலேயே அடகுக்கு வந்தது. போரிலும் தண்ணீர் இல்லை. மரங்கள் இலை உதிர்த்தன. காய் இல்லை, அதனால் கடைக்கு வேலை இல்லை. ஏற்ற பழம் இல்லாமல் லாரி நின்றது. அட்வான்ஸ் வாங்கியவர்கள் குடும்பத்தோடு கேரளாவுக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இருதய வால்வு பழுது, மெட்ராஸில் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணாச்சி தோட்டப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பேங்குக்கு வந்தார். ஆஸ்பத்திரிச் செலவுக்கு நிலத்தின் பேரில் லோன் கொடுக்க வழியில்லை என்று மேனேஜர் கையை விரித்தார். காய்ந்த தோட்டத்தை விலைக்குக் கேட்கவும் ஆள் இல்லை.

என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "நாலையும் ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாத்துட்டேன் தம்பி. எதைத் தொட்டாலும் எலுமிச்சையாத்தான் இருக்கு." எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. அழுகையும் வந்தது. நாங்கள் ஊழியர்கள் சேர்த்துக் கொடுத்த பணம் ஆபரேஷன் செலவில் ஒரு மூலைக்கும் போதவில்லை.

கடைசியில் லாரிப் பங்கை வந்த விலைக்குத் தள்ளினார். பணம் கைக்கு வருவதற்குள், படுக்க முடியாமல் சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்த கோமதி அக்கா, அப்படியே போய்விட்டார்.

பிறகு நான் ஆபீசராகி எத்தனையோ ஊர் பார்த்தேன். நிலமா, நகையா, சீட்டா, டெபாசிட்டா, எதில் எவ்வளவு போட என்று இன்றும் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: நாலு இடத்தில் போட்டுவிட்டால் பிரித்ததாக ஆகிவிடாதப்பா. ஒரு மழை தப்பினால் இவற்றில் எது கூடவே சாயும், எது தனியாக நிற்கும் என்று பார். அப்படி நிற்பது, கேட்ட அன்றைக்கே பணமாகக் கைக்கு வருமா என்றும் பார். எனக்குத் தெரிந்த பாடம் இவ்வளவுதான்.

அக்கா போன மறு வருஷம் மழை கொட்டியது. அண்ணாச்சி தோட்டத்தை நல்ல விலைக்கு விற்று, பணத்தோடு நேராக என் கவுண்டருக்கு வந்தார்.

"எத்தனை வருஷத்துக்குப் போடட்டும் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"எத்தனை வருஷம்னாலும் போடும் தம்பி. இனிமே எனக்கு என்ன அவசரம்?"