படகு விசிறியில் வெட்டிய நான்கு அங்குலம்

ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்துவிட்டு ராஜபாளையத்துக்குத் திரும்பிய மறுவருஷம் அந்தப் படகைச் செய்ய ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னதுதான். என் தங்கையை வத்திராயிருப்புப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை அங்கே கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்தார். கண்மாயில் பாதிக்கு மேல் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. மோட்டார் படகு விட்டால் தண்ணீருக்குள் சுற்றும் இறக்கையில் வேர் சிக்கி நின்றுவிடும். அதனால் காற்றைத் தள்ளி ஓடும் படகு என்று முடிவு செய்தேன். தட்டையான அடிப்பாகம், பின்னால் ஆள் உயர விசிறி, செடியின் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும்.

பழைய கார் எஞ்சின் ஒன்று கிடைத்தது. விசிறியை ராஜபாளையத்தில் ஒரு தச்சர் தேக்கில் செதுக்கிக் கொடுத்தார். முனைக்கு முனை ஆறடி. பெரிய விசிறி என்றால் பெரிய தள்ளு என்பது என் கணக்கு.

படகைக் கண்மாய்க்குக் கொண்டுபோய், கரையில் ஒரு தென்னையில் கட்டி, தள்ளு எவ்வளவு என்று அளக்க நடுவே ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்று ஓட வேண்டிய எஞ்சின் மூவாயிரத்து ஐந்நூறைத் தாண்டவில்லை. டாப் கியரில் மலை ஏறும் லாரி மாதிரி முனகியது. விசிறி எஞ்சினின் சக்திக்கு மீறிப் பெரிதாக இருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தத் தேக்கு பாலிஷில் மின்னியது. அதை வெட்ட மனம் வரவில்லை. கார்புரேட்டரில் கோளாறு என்றேன், பெல்ட்டில் கோளாறு என்றேன். இரண்டு மாதம் அப்படியே போயிற்று.

“மச்சான், படகு என்னைக்குத் தண்ணியில எறங்கும்?” என்று மாப்பிள்ளை கேட்பார்.

“அடுத்த வாரம் மாப்ளே” என்பேன்.

ஐப்பசியில் மலையில் விடாமல் மழை. ஒருநாள் காலை பத்து மணிக்குத் தங்கை போனில் அலறினாள். “அண்ணே, அவிய தெர்மாகோல் மேல ஏறி வலையெடுக்கப் போனாவ. காத்து திரும்பி செடி பூராவும் வந்து மூடிருச்சு. தெர்மாகோல் ஒடஞ்சு, நடுவுல கருவேல மரத்தப் புடிச்சுக்கிட்டு கெடக்காவ!”

ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் பைக்கில் பறந்தேன். நான் போனபோது கரையில் கூட்டம். டயர் ட்யூபும் கயிறுமாகப் போன இரண்டு பேர் இருபது கஜத்திலேயே காலில் வேர் சுற்றி, மூச்சுத் திணறித் திரும்பியிருந்தார்கள். தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாயிற்று. வழியில் ஓடை பெருகி ரோட்டை மறித்துவிட்டதாம். கண்மாயின் நடுவே மரத்தின் உச்சியும் அதை ஒட்டி ஒரு தலையும் மட்டும் தெரிந்தன. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. விட்டு விட்டு அவர் கூப்பிடுவது கேட்டது.

கரையில் கிடந்த என் படகின் பின்பக்கம் கயிறு கட்டி இறக்கினேன். வெறும் தண்ணீரில் ஓடியது. செடி விளிம்பில் மூக்கு ஏறியது, அத்தோடு நின்றது. எஞ்சின் கொதித்து ஆவி கக்கியது. கூட்டம் கயிற்றைப் பிடித்து என்னைத் திரும்ப இழுத்தது.

“ஏட்டி, மரம் அறுக்குற ரம்பம் எங்கயாச்சும் வாங்கிட்டு ஓடியா!” என்று கரையில் நின்ற தங்கையை விரட்டினேன்.

விசிறியைக் கழற்றித் தரையில் போட்டேன். எவ்வளவு வெட்டுவது? கொஞ்சமாக வெட்டினால் பழைய கதை. அதிகமாக வெட்டிவிட்டால் எஞ்சின் வெறுமனே அலறும், தள்ளு இருக்காது. வெட்டியதை ஒட்ட முடியாது. இறக்கையின் சாய்வைச் செதுக்கிக் குறைக்க நேரமில்லை. முனைதான் வேகமாகச் சுற்றுவது, பாரமும் அங்கேதான். பக்கத்துக்கு இரண்டு அங்குலம் போதாது என்று பட்டது. நான்கு அங்குலம் அளந்து கோடு போட்டு அறுத்தேன்.

அறுத்ததும் மாட்டிவிட முடியாது. நடுத் துளையில் கம்பியைக் கொடுத்துத் தூக்கினால் ஒரு பக்கம் சாய்ந்தது. கனமான பக்கத்தை அரத்தால் ராவ ஆரம்பித்தேன். அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் குரல் நின்றுவிட்டது.

“அண்ணே, சத்தத்தக் காணோம்! போதும்ணே, மாட்டுண்ணே!” தங்கை என் முதுகில் இரண்டு கையாலும் குத்தினாள்.

“ரெண்டு பக்கமும் ஒரே கனமா இல்லன்னா பிச்சுக்கிட்டுப் போயிரும் தாயி. அவரயும் வெட்டிப் போட்ரும்.”

“ஒனக்கு இப்பமும் ஒம் மெசினுதான் பெருசு!”

ராவிக்கொண்டே இருந்தேன். மறுபடி தூக்கினேன், சாய்ந்தது. மறுபடி ராவினேன். நான்காவது தடவை மட்டமாக நின்றது.

மாட்டி, ஓட்டினேன். சுற்றுக் காட்டும் முள் நான்காயிரத்து எழுநூறுக்குப் போனது. படகு செடி மேல் ஏறி அப்படியே சறுக்கியது. இந்தப் படகுக்கு பிரேக் கிடையாது, ரிவர்ஸ் கிடையாது. முதல் தடவை மரத்தைத் தாண்டிப் போய்விட்டேன். சுற்றி வந்து, தூரத்திலேயே எஞ்சினை நிறுத்தி, சறுக்கின வேகத்திலேயே போய்க் கிளையைப் பிடித்தேன்.

மாப்பிள்ளை கழுத்து வரை தண்ணீரில் இருந்தார். கண் திறந்திருந்தது, பேச்சில்லை. மரத்தைக் கட்டியிருந்த கைகள் விறைத்திருந்தன. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. கருவேல முள் கையெல்லாம் ஏறியிருந்தது. எப்படித் தூக்கிப் போட்டேன் என்று தெரியவில்லை. எஞ்சினை முடுக்கினால் இரண்டு ஆள் பாரத்தில் படகு அசையவில்லை. சுக்கானை இடதும் வலதுமாக வெட்டி வெட்டி ஆட்டினேன். நகராது என்றே நினைத்துவிட்டேன். பிறகு பின்பக்கம் ஒரு உலுக்கு உலுக்கிச் செடியிலிருந்து பிய்ந்து நகர்ந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் நினைவு வருவதும் போவதுமாக இருந்தார். நுரையீரலில் தண்ணீர். பிழைத்துக்கொண்டார். வலது கையில் இரண்டு விரல் இன்றும் மடங்காது. குத்தகையை அந்த வருஷத்தோடு விட்டுவிட்டார்.

நான்காம் நாள் வார்டு வாசலில் தங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணே, அந்த நாலு அங்குலத்த ரெண்டு மாசத்துக்கு முன்னயே வெட்டியிருக்கலாமா?”

பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

“வெட்டியிருக்கலாம் தாயி. எனக்குத் தெரியும்.”

அவள் எழுந்து, கஞ்சித் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தை பிறக்கும் வரை என்னிடம் பேசவில்லை.