என் வீட்டு மேசையில் மைனியின் சட்டி

என் கணவரின் அக்காவை நான் மைனி என்று கூப்பிடுவேன். எழுத்தில் மரியாதைக்காக ‘அவர்’ என்றே எழுதப் போகிறேன். மனதுக்குள் நான் வைத்திருக்கிற சொல் வேறு. அதை அச்சில் போட முடியாது.

கல்யாணமாகி நான் பாறசாலைக்கு வந்த பிறகு எங்கள் வீட்டில் நடந்த முதல் ஜெபக்கூட்டத்துக்கு நானே மீன்குழம்பு வைத்தேன். அம்மா வளைகுடாவில் நர்ஸ், நான் வளர்ந்தது முழுக்க ஹாஸ்டலில். மெஸ்ஸில் மணி அடித்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு போகத் தெரியும், அவ்வளவுதான். மீனைக் கழுவும்போதே எனக்குக் குடலைப் புரட்டியது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, யார் யாரையோ போனில் கேட்டு, எப்படியோ வைத்து இறக்கினேன். ஜெபம் முடிந்து சபைக்காரர்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது மைனி அடுக்களைக்குள் வந்தார். ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கினார். சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய், போதகரின் மனைவி பார்க்கப் பார்க்க, தென்னைமரத்தடியில் கொட்டினார்.

"மக்கா, உனக்குக் கைப்புண்ணியம் கிடையாது. சிலருக்கு அப்படியாக்கும். நீ சங்கடப்படாண்டாம். இனிமே இங்க ஜெபத்துக்குக் கறி நான் கொண்டு வாறேன்" என்றார்.

கைப்புண்ணியம் என்றால் எங்கள் பக்கத்தில் சமைக்கிற கைக்குப் பிறவியிலேயே கிடைத்த வரம். அது இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. அதை மைனி அன்பாகத்தான் சொன்னார், தோளில் கையைப் போட்டுக்கொண்டு. திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அந்த அன்புதான் எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எப்போது ஜெபக்கூட்டம் வைத்தாலும் என் கணவர் அதியன்னூருக்குக் காரை எடுத்துக்கொண்டு போய் அக்காவை அழைத்து வருவார். மடியில் பீஃப் ரோஸ்ட் சட்டியோடு மைனி வந்து இறங்குவார். சட்டி என் கைக்கு வரும். அதைப் பீங்கான் பாத்திரத்தில் மாற்றி மேசையில் வைப்பது என் வேலை. எல்லோரும் போன பிறகு சட்டியைக் கழுவிக் கொடுப்பதும் என் வேலை. என் வீடு, என் மேசை, என் தட்டு. கறி மட்டும் அவருடையது. தின்றவர்கள் கிளம்பும்போது அவரிடம்தான் சொல்லிக்கொண்டு போவார்கள். என்னைப் பார்த்தால் பாவமாக இருக்கும் போல, "சீரகவெள்ளம் நல்லாயிருந்தது கேட்டியா" என்பார்கள். கொதிக்க வைத்த தண்ணீரைப் பாராட்டுகிறார்கள்! என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு தின்பார். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, "அக்கா, இது அவ அடுக்களையாக்கும்" என்று அந்த மனிதர் வாயைத் திறந்ததில்லை.

எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது. என் வீட்டுக்கு வந்தவர்கள் நான் ஆக்கியதைத் தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும். அது மைனி முன்னால் நடக்க வேண்டும்.

மீனும் இறைச்சியும் எனக்கு ஒத்துவராது என்பது தெரிந்துபோயிற்று. சரி, ரத்தம் வராத பொருளோடு மல்லுக்கட்டிப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருக்கிறேன். போகிற வழியிலும் வருகிற வழியிலும் போனில் சமையல் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். பால்கூட இல்லாமல், முட்டைகூட இல்லாமல், செடியிலும் மரத்திலும் விளைந்ததை மட்டும் வைத்துக்கொண்டு உலகம் முழுவதும் யார் யாரோ என்னென்னவோ செய்கிறார்கள். அவர்களுக்கும் என்னைப் போலக் கைப்புண்ணியம் இல்லை போல, எல்லாவற்றுக்கும் ஒரு மெஷின் வைத்திருந்தார்கள். நானும் வாங்கினேன். கயிற்றை இழுத்தால் வெங்காயம் வெட்டுகிற டப்பா வந்தது. பட்டன் வைத்த மின்சார பிரஷர் குக்கர் வந்தது. கடைசியில் ஏர் பிரையரும் வந்தது.

மைனி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எலே, இது சோறு ஆக்குமா, துணி துவைக்குமா?" என்று தம்பியிடம் கேட்டார். என் கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

ஆரம்பத்தில் நான் செய்ததெல்லாம் கூத்து. ஏர் பிரையரில் வைத்த மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, விறகாகி வந்தது. வாழைப்பழத் தோலைத் தேங்காய் போட்டு வதக்கித் தோரன் வைத்தேன், என் கணவர் வாயில் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார். சேனைக்கிழங்கைக் கனமாக வெட்டி மசாலா தடவிச் சுட்டேன். பார்க்க அவ்வளவு அழகு! தின்ற பிறகு இரண்டு பேருக்கும் தொண்டை ஊறல் எடுத்து, புளியைக் கரைத்துக் குடித்துக்கொண்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். சோயாப் பயறை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, எலுமிச்சை பிழிந்து கட்டியாக்கப் பார்த்தேன். அது கட்டியாகவும் இல்லை, பாலாகவும் இல்லை. ஆனால் ஒரு நன்மை உண்டு. எது கெட்டாலும் குடலைப் புரட்டவில்லை. பயமில்லாமல் கெடுத்தேன், மறுநாள் திரும்பவும் செய்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவது குறைந்தது.

அந்த மாசி மாதம் பின்பக்கத்துப் பலாமரம் அடியிலிருந்தே காய்த்துத் தொங்கியது. பலாவுக்கு எங்கள் பேச்சில் சக்கை என்று பெயர், கொட்டை முற்றாத பிஞ்சை இடிச்சக்கை என்போம். நார்நாராகப் பிரியும், தனக்கென்று ஒரு ருசி கிடையாது, போட்ட மசாலாவை அப்படியே பிடித்துக்கொள்ளும். வீடியோவில் யாரோ அதை இறைச்சி மாதிரி ஆக்கிக் காட்டினார்கள். பார்த்தவுடனே எனக்கு மைனியின் சட்டிதான் கண்ணில் வந்தது. இருக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன்.

முதல் பிஞ்சின் பிசின் வெங்காயம் வெட்டுகிற டப்பாவின் பிளேடில் ஒட்டி, கயிறு அறுந்து கையோடு வந்தது. அதன் பிறகு கத்தியிலும் கையிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டேன். பிரஷர் குக்கரில் அதிக நேரம் வைத்துக் கூழாக்கினேன், பிறகு அரைவேக்காட்டில் நிறுத்தப் பழகினேன். அதைப் பெரிய துண்டாகப் பிய்த்து ஏர் பிரையரில் வைத்து எடுத்தால் ஓரம் முறுகி, கடித்தால் பல்லுக்குப் பிடி கொடுத்தது. மசாலாவுக்கு யாரையும் கேட்கவில்லை. மாதக்கணக்கில் அந்தச் சட்டியைச் சுரண்டிக் கழுவினவள் நான். அடியில் ஒட்டியிருந்த தேங்காய்க்கொத்து, கருகின பெருஞ்சீரகம், நல்லமிளகு, எல்லாம் என் நகத்துக்குத் தெரியும். மைனி யாருக்குமே சொல்லாத கருப்பட்டித் துண்டும் தெரியும். வெந்நீர் ஊற்றியதும் அதன் வாசனைதான் முதலில் எழும்பும்.

ஒரு மாலை கணவரின் தட்டில் வைத்தேன். இரண்டு வாய் தின்றார். "அக்கா வந்திட்டுப் போனாளா?" என்றார்.

என் வயிறு குளிர்ந்தது. "சக்கையாக்கும். நான் வச்சது" என்றேன்.

அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தின்று முடித்தார். அடுத்த ஜெபக்கூட்டத்துக்கு நான் என்ன நினைத்து வைத்திருக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தடுக்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை.

அடுத்த ஜெபக்கூட்டம் வந்தது. வழக்கம்போல மைனி காரிலிருந்து இறங்கிச் சட்டியை என் கையில் தந்துவிட்டு முன்னறையில் போய் உட்கார்ந்தார். நான் அந்தச் சட்டியை அடுக்களைக்குப் பின்னால் கொண்டுபோய், கட்டின துணியைக்கூட அவிழ்க்காமல், அம்மிக்குப் பக்கத்தில் வைத்தேன். பீங்கான் பாத்திரத்தில் என்னுடையதை நிறைத்து மேசைக்குக் கொண்டுவந்தேன். பாட்டு முடிகிற வரைக்கும் ஒரு வரி என் காதில் விழவில்லை. கண்டுபிடித்துவிட்டால் இந்தத் தடவை எதைக் கொட்டுவாரோ என்றிருந்தது.

பரிமாறினேன். மைனிக்கும் பரிமாறினேன். அவர் மரச்சீனியோடு சேர்த்துப் பிசைந்து வாயில் வைத்தார். மென்றார்.

"இன்னைக்கு நல்லோணம் வெந்திட்டுண்டு" என்றார், தன்னைத்தானே மெச்சிக்கொண்டு.

போதகர் பாத்திரத்தை இரண்டாம் தடவை தன் பக்கம் இழுத்தார். "அம்மச்சி, எப்பவும் நல்லாத்தான் இருக்கும். இன்னைக்கு ஒருபடி மேலயாக்கும்" என்று மைனியிடம் சொன்னார்.

"கசாப்புக்காரன் எனக்குன்னு மாத்தி வச்ச தொடையிறைச்சியாக்கும் அச்சா. விடியக்காலம் நானே போய் நின்னு வாங்கினேன். அதுக்கெல்லாம் கண்ணு வேணும், கையும் வேணும்." போதகரிடம் சொல்லிவிட்டு மைனி என்னை ஒரு பார்வை பார்த்தார். "மெஷின்ல போட்டா இது வருமா?"

எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். போதகரின் மனைவி செய்முறை கேட்டார். மைனி விரலை நக்கிக்கொண்டே வரிசையாகச் சொன்னார். மல்லி வறுப்பது, தேங்காய்க்கொத்து போடுவது, தீயைக் குறைப்பது, எல்லாம் வந்தது. கருப்பட்டி மட்டும் வரவில்லை.

"கருப்பட்டி விட்டுப் போச்சே மைனி" என்றேன்.

அவர் கை நின்றது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் போட்டேனே. இப்போ நீங்க தின்னுட்டு இருக்கிறது நான் வச்சதாக்கும். இறைச்சி இல்ல, சக்கை. இடிச்சக்கை. மெஷின்ல போட்டது."

நான் பின்னால் போய் அவருடைய சட்டியைக் கொண்டுவந்து, துணி அவிழாமல், அவர் தட்டுக்கு எதிரே வைத்தேன். "உங்களுடையது இங்க உண்டு மைனி. இன்னும் தொறக்கல்ல."

யாரோ ஒரு பெண் சட்டென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். போதகர் துண்டு ஒன்றை விரலால் பிய்த்துப் பார்த்தார். "கர்த்தாவே, சக்கையா!" என்று சொல்லி அதையும் வாயில் போட்டுக்கொண்டார். மைனியின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

"பின்ன தொடையிறைச்சின்னு சொன்னியளே அம்மச்சி?" என்று போதகரின் மனைவி வெகுளியாகத்தான் கேட்டார். நான் கேட்டிருந்தால்கூட இவ்வளவு தைத்திருக்காது.

மைனி எழுந்தார். கை கழுவினார். சட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் போய்ச் செருப்பை மாட்டினார். இரக்கம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. தேடியும் பார்த்தேன், இல்லை. இத்தனை காலம் எனக்கு இருந்த வயிற்றெரிச்சலை எல்லாம் அவர் முதுகைப் பார்த்தே ஆற்றிக்கொண்டேன்.

"எலே, வண்டியை எடு. என்னைக் கொண்டு விடு" என்று வாசலிலிருந்து தம்பியைக் கூப்பிட்டார்.

அந்தக் குரலுக்கு என் கணவர் எழுந்திருக்காமல் நான் பார்த்ததே கிடையாது. பாதித் தட்டோடு எழுந்து ஓடியிருக்கிறார். இப்போதும் நாற்காலி கொஞ்சம் அசைந்தது. ஒரு நொடி எனக்கு எல்லாமே போயிற்று என்றிருந்தது. அவர் தலையைத் தூக்கினார். வாசலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத் தட்டை நீட்டினார்.

"சக்கை இன்னும் கொஞ்சம் உண்டா?" என்றார். பிறகு திரும்பாமலே, "இரி அக்கா. நான் இன்னும் தின்னு தீரல்ல."

ஒரு கரண்டி வைத்தேன். அவர் போதும் என்று கையைக் காட்டினார். மைனி வாசலில் சட்டியை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நின்றார். நான் அதைக் காணாததுபோல இன்னொரு கரண்டி வைத்தேன்.